லீஸ் காரின் மைல் கணக்கு: வரம்பு தாண்டினால் எவ்வளவு, எப்போது, எதற்காக?

அமெரிக்காவில் 2023, 2024-இல் மின்சாரக் காரை லீஸுக்கு எடுத்தவர்கள் பலர் இப்போது ஓடோமீட்டரைக் கவலையோடு பார்க்கிறார்கள். அந்தச் சமயத்தில் அப்படி எடுத்ததற்குக் காரணம் இருந்தது. 2022-இல் வந்த பணவீக்கக் குறைப்புச் சட்டப்படி, மின்சாரக் காரை விலைக்கு வாங்கினால் 7,500 டாலர் வரிச்சலுகை பெறப் பல நிபந்தனைகள்: கார் வட அமெரிக்காவில் பாகங்கள் பொருத்தி முடிக்கப்பட்டிருக்க வேண்டும், வாங்குபவரின் வருமானம் வரம்புக்குள் இருக்க வேண்டும், இன்னும் சில. லீஸ் என்றால் காரின் சொந்தக்காரர் நிதி நிறுவனம். வணிக வாகனத்துக்கான வேறொரு பிரிவில் அது சலுகையைப் பெற்றுக்கொண்டு, தவணையைக் குறைத்துக் கொடுத்தது. அந்தக் கதவு 2025 செப்டம்பர் 30-ஆம் தேதியோடு மூடிவிட்டது.

விளம்பரத்தில் வந்த அந்த மலிவான தவணைகள் பெரும்பாலும் ஆண்டுக்கு 10,000 மைல்தான் ஓட்டலாம் என்ற வரம்போடு போடப்பட்டவை. வீட்டிலிருந்தே வேலை பார்த்தவர்களுக்கு அது தாராளமாகப் போதும். பிறகு அலுவலகங்கள் திரும்பக் கூப்பிட ஆரம்பித்தன. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து வாரத்துக்கு ஐந்து நாளும் அலுவலகம் வரச் சொன்னது. வரம்பு மாறவில்லை, ஓட்டம் மாறிவிட்டது. "ஒரு மைலுக்கு 25 சென்ட் அபராதமாமே" என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியதுதான். அந்த 25 சென்ட் உண்மையில் என்ன, எப்போது கட்ட வேண்டும், எப்போது கட்டத் தேவையில்லை என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

முதலில் இரண்டு சொற்கள்

தமிழ்நாட்டில் "வீட்டை லீஸுக்கு எடுத்திருக்கிறோம்" என்றால் ஒரு பெருந்தொகையை மொத்தமாகக் கொடுத்து, வாடகையில்லாமல் இருந்து, காலி செய்யும்போது அந்தத் தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்வது. ஒத்தி என்று சொல்வதும் கிட்டத்தட்ட இதுதான். அமெரிக்கக் கார் லீஸுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆரம்பத்தில் முன்பணமாகக் கொடுத்தது திரும்ப வராது. லீஸ் என்பது நீண்டகால வாடகை, அவ்வளவுதான்.

"மைலேஜ்" என்ற சொல்லும் அப்படியே. ஊரில் "வண்டி என்ன மைலேஜ் குடுக்குது?" என்று கேட்டால் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று அர்த்தம். லீஸ் பத்திரத்தில் மைலேஜ் என்றால் கார் மொத்தம் ஓடிய தூரம். குழப்பம் வராமல் இருக்க, கீழே மைல் என்றே எழுதுகிறேன்.

தவணை எப்படி உருவாகிறது

மைல் வரம்பு ஏன் இருக்கிறது என்று தெரிய, மாதத் தவணையைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் மூன்று எண்கள் உண்டு.

1. பேசி முடித்த விலையில் முன்பணமும் தள்ளுபடியும் போக மிஞ்சும் தொகை. டீலர்கள் கேப் காஸ்ட் என்பார்கள்.

2. லீஸ் முடியும் நாளில் காரின் மதிப்பு இவ்வளவு இருக்கும் என்று நிதி நிறுவனம் இன்றைக்கே எழுதிவைக்கும் தொகை. இதுதான் ரெசிடுவல் வேல்யூ; மீதி மதிப்பு என்று வைத்துக்கொள்ளலாம். காரின் கம்பெனி விலையில் இத்தனை சதவீதம் என்று குறிப்பார்கள்.

3. மணி ஃபாக்டர். வட்டியை வேறு உருவத்தில் சொல்வது. 0.0025 என்று இருந்தால் அதை 2,400-ஆல் பெருக்குங்கள்; 6 என்று வரும். ஆண்டு வட்டி 6 சதவீதம்.

முதல் எண்ணிலிருந்து இரண்டாவதைக் கழித்து மாதங்களால் வகுத்தால் தேய்மானம். முதல் இரண்டையும் கூட்டி மூன்றாவதால் பெருக்கினால் மாத வட்டி. இரண்டையும் சேர்த்தால் வரிக்கு முந்தைய தவணை.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கம்பெனி விலை 42,000 டாலர். பேரம் பேசி முடித்தது 40,000. லீஸ் 36 மாதம், ஆண்டுக்கு 10,000 மைல், மீதி மதிப்பு 58 சதவீதம், அதாவது 24,360 டாலர். மணி ஃபாக்டர் மேலே சொன்ன 0.0025. தேய்மானம் 15,640, மாதத்துக்கு 434.44. வட்டி 160.90. தவணை 595.34 டாலர்.

இதில் மைல் எங்கே வருகிறது?

மீதி மதிப்பில். முப்பதாயிரம் மைல் ஓடிய காரைவிட நாற்பத்தைந்தாயிரம் மைல் ஓடிய கார் ஏலத்தில் குறைந்த விலைக்குத்தான் போகும். அதனால் கூடுதல் மைல் கேட்டால் நிறுவனம் மீதி மதிப்பைக் குறைத்து எழுதுகிறது. தேய்மானம் கூடுகிறது, தவணை ஏறுகிறது.

மேலே சொன்ன காரையே ஆண்டுக்கு 12,000 மைல் என்று எடுத்தால் மீதி மதிப்பு 57 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 23,940 டாலர். இப்போது தேய்மானம் 446.11, வட்டி 159.85. தவணை 605.96. மாதத்துக்கு 10.62 டாலர்தான் கூடுதல். மூன்று வருடத்துக்கு 382 டாலர். கிடைப்பது 6,000 மைல். மைலுக்கு ஆறரை சென்ட்கூட ஆகவில்லை.

அதே 6,000 மைலை வாங்காமல் விட்டு, கடைசியில் 25 சென்ட் வீதம் கட்டினால் 1,500 டாலர்.

விஷயம் முழுவதும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில்தான் இருக்கிறது. முன்னால் வாங்கினால் மொத்த விலை, பின்னால் கட்டினால் சில்லறை விலை. "அபராதம்" என்ற சொல் இதை மறைத்துவிடுகிறது. குற்றத்துக்குத் தண்டனை ஒன்றும் இல்லை. நாம் ஓட்டித் தேய்த்ததற்கு விலை. விலை கொஞ்சம் கூடுதல் என்பது வேறு.

எவ்வளவு தாண்டுவோம் என்று தெரியாதபோது முன்னாலேயே வாங்கலாமா? அதற்கும் கணக்கு உண்டு. துல்லியமாக 382.32 டாலர்; அதை 25 சென்ட்டால் வகுத்தால் 1,529. மூன்று வருடத்தில் 1,529 மைலுக்கு மேல் தாண்டுவோம் என்று தோன்றினால் பெரிய வரம்பே லாபம். மாதத்துக்கு 43 மைல்கூட இல்லை. நியூ ஜெர்சி எடிசனிலிருந்து பிட்ஸ்பர்க் வெங்கடேஸ்வரர் கோயிலுக்கு ஒரு முறை போய்வந்தால் ஏறக்குறைய 700 மைல். நயாகரா அருவியைப் பார்க்க வரும் அப்பா அம்மாவை ஒரு முறை கூட்டிப் போனால் இன்னொரு 800. ஆயிற்று, 1,500 மைல்.

எல்லா நிறுவனமும் ஒரு சதவீதத்தோடு நிறுத்தும் என்பதில்லை. இரண்டு சதவீதம் குறைத்தாலும் மேலே சொன்ன காரில் மைலுக்கு 13 சென்ட்டைத் தாண்டாது. அப்போதும் 25-ஐவிட அது பாதிதான்.

பத்திரத்தில் எங்கே பார்ப்பது

1976-ஆம் ஆண்டின் நுகர்வோர் லீஸ் சட்டமும் அதன்கீழ் வரும் ரெகுலேஷன் எம் விதிகளும், முக்கிய எண்களைத் தனியாகப் பிரித்து ஒரே இடத்தில் காட்ட வேண்டும் என்கின்றன. அந்தப் பகுதியில் தேய்மானத்துக்கும் வட்டிக்கும் கீழே, அளவுக்கு மீறிய தேய்வுக்கும் மைலுக்கும் கட்டணம் உண்டு என்ற வாசகம் இருக்கும். ஆண்டுக்கு எத்தனை மைல், தாண்டினால் மைலுக்கு எவ்வளவு என்பது அங்கேயே எழுதியிருக்கும். சாதாரணக் கார்களுக்கு 15 முதல் 20 சென்ட், சொகுசுக் கார்களுக்கு 25 அல்லது 30 என்று இருப்பது வழக்கம். பல மாநிலங்களில் இதன்மேல் விற்பனை வரியும் சேரும்.

படிக்கும்போது கவனிக்க வேண்டியவை:

1. "ஆண்டுக்கு" என்று எழுதியிருந்தாலும் வருடா வருடம் யாரும் கணக்கு முடிப்பதில்லை. 36 மாத லீஸில் 30,000 என்ற மொத்த எண்தான் கணக்கு. முதல் வருடம் 14,000 ஓட்டிவிட்டு அடுத்த இரண்டு வருடத்தில் 16,000-க்குள் நிறுத்தினால் ஒரு சென்ட்கூடக் கட்ட வேண்டாம்.

2. ஆரம்ப ஓடோமீட்டர் எண். டெமோ காராகவோ, சர்வீஸுக்கு வருபவர்களுக்குக் கொடுத்த காராகவோ இருந்தால் ஏற்கெனவே மூவாயிரம், நாலாயிரம் மைல் ஓடியிருக்கும். வரம்பு அந்த எண்ணுக்கு மேல் கணக்கிடப்படுகிறதா என்று கையெழுத்துக்கு முன்னால் பாருங்கள்.

3. முன்னாலேயே விலை கொடுத்து வாங்கிய கூடுதல் மைல் மிஞ்சினால் பணம் திரும்ப வருமா? சில நிறுவனங்கள் தரும், பல தராது. எழுதியிருந்தால்தான் உண்டு.

"மைலைப் பத்திக் கவலைப்படாதீங்க, கடைசில பாத்துக்கலாம்" என்று டீலர் சொன்னால் ஒன்றை நினைவில் வையுங்கள். அவர் காரை நிதி நிறுவனத்துக்கு விற்றுவிட்டார். மூன்று வருடம் கழித்து பில் அனுப்பப் போவது அவர் இல்லை.

பாதி வழியில் கணக்குப் பார்ப்பது

டாலஸ் பக்கம் ஃப்ரிஸ்கோவில் வீடு, நகர மையத்தில் அலுவலகம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு வழிக்குச் சுமார் 28 மைல். வாரம் இரண்டு நாள் போனால் மாதத்துக்கு 485 மைல். மூன்று நாள் என்றால் 728. ஐந்து நாள் என்றால் 1,213. ஆண்டுக்கு 10,000 என்பது மாதத்துக்கு 833 மைல்தான். அதாவது மூன்று நாளோடு நின்றால் மளிகைக் கடைக்கும் பிள்ளைகளின் பாட்டு வகுப்புக்கும் நூறு மைல் மிஞ்சும்; ஐந்து நாள் என்றால் அலுவலகம் மட்டுமே வரம்பைத் தின்றுவிடும்.

இந்தக் கார் 14 மாதம் முடிந்த நிலையில் 15,210 மைல் காட்டுகிறது என்போம். எடுத்தபோது 12 இருந்தது.

1. ஓடியது: 15,198. இந்நேரம் ஓடியிருக்க வேண்டியது: 11,667.

2. மாதச் சராசரி: 1,086. இதே வேகத்தில் 36 மாதம் போனால் சுமார் 39,080.

3. தாண்டும் அளவு: 9,080 மைல். மைலுக்கு 25 சென்ட் என்றால் 2,270 டாலர்.

4. வரம்புக்குள் முடிக்க வேண்டுமானால் மீதி 22 மாதத்துக்கு மாதம் 673 மைல்தான்.

இதில் பலரும் கோட்டைவிடுவது ஒன்று உண்டு. வரம்பை இன்னும் தொடவில்லையே, இப்போது ஓட்டுவது இலவசம்தானே என்ற நினைப்பு. அப்படியில்லை. கடைசியில் தாண்டப் போவது உறுதி என்றால் இன்று ஓட்டும் மைலுக்கும் 25 சென்ட் விலை. தாண்டப் போவதில்லை என்றால் இன்றைய மைலுக்கு விலை பூஜ்யம். நடுவில் வேறு நிலை இல்லை. நயாகரா பயணத்துக்கு வேறு கார் வாடகைக்கு எடுக்கலாமா என்ற கேள்விக்கும் இதுதான் பதில்: 800 மைலுக்கு 200 டாலர். வாடகை அதற்குள் முடிந்தால் எடுக்கலாம். தாண்டாத காரை வீட்டில் நிறுத்திவிட்டு வாடகைக் காரில் போவது வெறும் செலவு.

தாண்டப் போவது தெரிந்துவிட்டது. இனி?

1. வீட்டில் இரண்டு கார் இருந்தால் மாற்றி ஓட்டுவது. மற்ற எல்லா யோசனைகளையும்விட இதுதான் பணத்தை நேரடியாக மிச்சப்படுத்தும். தினம் 56 மைல் போகிறவர் சொந்தக் காரை எடுத்துக்கொள்ள, பக்கத்தில் வேலை பார்ப்பவர் லீஸ் காரை வைத்துக்கொள்ளலாம். "அது என் கார்" என்ற பிடிவாதத்துக்கு என்ன விலை என்று மேலே கணக்குப் போட்டாயிற்று. காப்பீட்டில் இருவர் பெயரும் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

2. நடுவில் மைல் வாங்குவது. சில நிறுவனங்கள் லீஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே குறைந்த விலையில் கூடுதல் மைல் விற்கும். கடைசி சில மாதங்களில் பெரும்பாலும் விற்காது. நிதி நிறுவனத்துக்கு ஒரு போன் செய்தால் தெரிந்துவிடும்.

3. கடைசியில் காரையே வாங்கிவிடுவது. காரைத் திருப்பிக் கொடுத்தால்தான் மைல் கட்டணம். பத்திரத்தில் எழுதிய மீதி மதிப்பைக் கொடுத்து நாமே வாங்கிக்கொண்டால் அந்தக் கேள்வியே எழாது. பல வருடங்களாக இதுதான் தப்பிக்க நல்ல வழி. 2021, 2022-இல் பழைய கார் விலை தாறுமாறாக ஏறியிருந்தபோது, வாங்கி விற்று லாபம் பார்த்தவர்களும் உண்டு.

மின்சாரக் கார்களில் மட்டும் இந்த வழி அடைபட்டுக் கிடக்கிறது. தவணையைக் குறைத்துக் காட்ட மீதி மதிப்பை உயரமாக எழுதிவைத்தார்கள். 2023 ஜனவரியில் டெஸ்லா புதுக் கார் விலையைக் குறைத்தது. பழைய மின்சாரக் கார்களின் விலையும் சரிந்தது. பத்திரத்தில் 24,360 என்று இருக்க, சந்தையில் அதே கார் 19,000-க்குக் கிடைத்தால், 2,270 டாலர் மைல் கட்டணத்துக்குப் பயந்து வாங்குவது 5,360 டாலர் நஷ்டம். அப்படியானால் மைல் பணத்தைக் கட்டிவிட்டுக் காரைக் கொடுப்பதே மலிவு. கசப்பாக இருந்தாலும் கணக்கு அதுதான். சில லீஸ்களில் வாங்கும் உரிமையே இருக்காது என்பதையும் மறக்க வேண்டாம்: 2019-இல் டெஸ்லா மாடல் 3-ஐ லீஸுக்குக் கொடுக்கத் தொடங்கியபோது, முடிவில் வாங்க முடியாது என்ற நிபந்தனையோடுதான் கொடுத்தது.

4. லீஸை வேறொருவருக்கு மாற்றிவிடுவது. சில நிறுவனங்கள் அனுமதிக்கும், சில அனுமதிக்காது, சில அனுமதித்துவிட்டு அவர் கட்டாவிட்டால் உங்களைப் பிடிக்கும். எடுக்க வருபவர் முதலில் கேட்பதே மாதத்துக்கு எத்தனை மைல் மிச்சம் என்பதைத்தான். ஏற்கெனவே தின்று தீர்த்த காருக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். கையிலிருந்து ஏதாவது கொடுக்க வேண்டி வரும்.

5. முன்கூட்டியே திருப்பிக் கொடுப்பது. இது தீர்வே இல்லை. மீதித் தவணைகளோடு சேர்த்து முறிவுக் கட்டணம் பல ஆயிரம் டாலர் வரை போகலாம் என்று பத்திரத்திலேயே எச்சரிக்கை இருக்கும்.

6. அதே கம்பெனியில் அடுத்த காரை எடுப்பது. சில சமயம் விசுவாச வாடிக்கையாளருக்கு ஓரளவு மைலை உண்மையாகவே தள்ளுபடி செய்வார்கள். பல சமயம் "உங்க மைல் பணத்தை நாங்களே கட்டிடறோம்" என்பது அடுத்த காரின் கேப் காஸ்ட்டில் வட்டியோடு ஏறி உட்கார்ந்திருக்கும். புதுப் பத்திரத்தில் முதல் எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

7. பேசாமல் ஓட்டிவிட்டுக் கட்டுவது. இதைத் தோல்வி என்று நினைக்க வேண்டியதில்லை. அமெரிக்க வருமான வரித்துறை 2025-இல் தொழில் பயணத்துக்கு அனுமதித்த தொகை மைலுக்கு 70 சென்ட். அதில் தேய்மானம் என்று அது எடுத்துக்கொள்வது மட்டும் 33 சென்ட். வருடக் கணக்கில் வரும் தேய்வும் அதில் அடக்கம்தான், இருந்தாலும் 25 சென்ட் என்பது ஊரில் இல்லாத கொள்ளை இல்லை என்று புரியும். வேலைக்குப் போகத்தானே கார். மாதம் நூறு டாலர் தனியாக எடுத்துவைத்தால் மேலே சொன்ன 2,270 டாலர் கடைசி 22 மாதத்தில் கிட்டத்தட்ட சேர்ந்துவிடும்.

ஓடோமீட்டரைத் திருத்தித் தருவதாகச் சொல்பவர்களும் இருக்கிறார்கள். கூட்டாட்சிச் சட்டப்படி அது மூன்று வருடம் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். விசாவில் இருப்பவர்களுக்கு அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

மைல் மிஞ்சினால்

30,000-க்குப் பதில் 19,000 மைலில் நிறுத்தினால் யாரும் பணம் திருப்பித் தர மாட்டார்கள். ஆனால் குறைவாக ஓடிய காரின் சந்தை விலை பத்திரத்து மீதி மதிப்பைவிடக் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு. திருப்பிக் கொடுப்பதற்கு முன்னால் அதை விசாரித்துப் பாருங்கள். கூடுதல் என்றால் வாங்கி விற்கலாம். நேராக வேறு டீலருக்கு விற்க 2021-க்குப் பிறகு பல கம்பெனிகள் விடுவதில்லை, அதனால் முதலில் உங்கள் பெயருக்கு வாங்க வேண்டியிருக்கும், விற்பனை வரியும் கட்ட வேண்டியிருக்கும். அந்த வரியையும் கழித்துவிட்டு லாபமா என்று பாருங்கள்.

திருப்பிக் கொடுக்கும் வாரம்

முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நிதி நிறுவனம் கடிதம் அனுப்பும், இலவசப் பரிசோதனைக்கும் ஆள் அனுப்பும். புதுக் கார் வரத் தாமதமாகி லீஸை ஒன்றிரண்டு மாதம் நீட்டித்தால் அந்த மாதங்களுக்கான மைலும் பெரும்பாலும் சேரும். நீட்டிப்புக் கடிதத்தில் அது இருக்கிறதா என்று பாருங்கள்.

காரை விடும் அன்று சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் ஓடோமீட்டரைப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், தேதி தெரிகிற மாதிரி. மைல் அறிக்கையில் நீங்களும் டீலரும் கையெழுத்திட்ட பிரதி ஒன்று கையில் இருக்கட்டும். அதன்பிறகு கார் டீலரின் மைதானத்தில் இரண்டு வாரம் நின்றாலும், யாராவது எடுத்து ஓட்டினாலும் அது உங்கள் கணக்கு இல்லை. சில வாரம் கழித்து பில் வரும். அதில் திருப்பிக் கொடுத்தபோது இருந்த எண், ஆரம்ப எண், மைலுக்கான விலை என்று மூன்றையும் படத்தோடும் பத்திரத்தோடும் ஒப்பிட்டுவிட்டுக் கட்டுங்கள்.